நீரிணைக் குடியேற்றங்களில் தீவாந்தரக் கைதிகள்

தீவாந்தரக் கைதிகள் எனப்படுவோர், பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நாடு கடத்தும் தண்டனை பெற்று, கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்ட இந்தியர்கள் ஆவர். இத்தண்டனை தமிழில் தீவாந்தர தண்டனை, தீவாந்தர சிட்சை என்னும் பெயர்களால் வழங்கியது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1873 வரை இக்கைதிகளில் பெரும் பகுதியினர் சுமாத்திராவிலுள்ள பென்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாழ்ந்தனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒரே நிருவாகத்தின் கீழ் அமைந்தன. இவற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 15,000 இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களையும் சேர்ந்தோர் இவர்களுள் அடங்குவர்.

சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டிடங்கள் ஆகியவற்றை அமைப்பதே இவர்களுடைய முதன்மையான பணியாக இருந்தது. ஒரு பகுதியினர் தோட்ட உரிமையாளர்களிடமும் அலுவலர்களின் வீடுகளிலும் வேலையாட்களாக விடப்பட்டனர். பிற்காலத்தில் தென்கிழக்காசியாவுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளிலிருந்தும் கங்காணிகள் வழியாகச் சென்ற தொழிலாளர்களிலிருந்தும் இவர்கள் வேறானவர்கள்.

தண்டனையின் பின்னணி

குற்றவாளிகளைத் தொலைதூர நிலங்களுக்கு அனுப்பி அவர்களுடைய உழைப்பைப் பயன்படுத்தும் வழக்கம் பிரித்தானியப் பேரரசில் பரவலாக இருந்தது. பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு இவர்களில் பெரும்பாலோர் தனிப்பட்ட குடியேறிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். இது ஒப்படைப்பு முறை எனப்பட்டது. கைதிக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றைத் தருவது எசமானரின் கடமை. எசமானர் தாமே கசையடி கொடுக்க இயலாது. குற்றவியல் நடுவரிடம் முறையிட்டுத் தண்டனை பெற்றுத்தர வேண்டும். நன்னடத்தை உடையவர்களுக்குத் தமக்காக உழைத்துப் பிழைக்க அனுமதிக்கும் விடுப்புச் சீட்டு வழங்கப்பட்டது. எனினும் கைதியின் வாழ்வு எத்தகைய எசமானர் வாய்க்கிறார் என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மோல்சுவர்த் குழு 1838 இல் இம்முறையை அடிமை முறையோடு ஒப்பிட்டுக் கண்டித்தது. நியூ சவுத் வேல்சுக்குக் கைதிகளை அனுப்புவது 1840 இல் நிறுத்தப்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே காலத்தில் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து கைதிகளை அனுப்பத் தொடங்கியது. பென்கூலனுக்கு 1787 முதலும், பிரான்சிஸ் லைட் 1786 இல் நிறுவிய பினாங்குக்கு 1790 அளவிலும் கைதிகள் வந்தனர். அந்தமான் தீவுகளில் 1789 இல் அமைக்கப்பட்ட முதற் குடியேற்றம் நோயினால் 1796 இல் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கு மாற்றப்பட்டனர். மொரீசியசுக்கு 1815 முதல் 1837 வரை ஏறத்தாழ 1,500 பேர் அனுப்பப்பட்டனர். 1836 இல் அத்தீவுக்கு வந்த சார்லஸ் டார்வின், பொதுப்பணிகளில் ஈடுபட்டிருந்த இந்தியக் கைதிகளைக் கண்டு தம் பயண நூலில் குறிப்பிட்டுள்ளார்.

கடல் கடப்பது சாதி ஆசாரத்துக்குப் புறம்பானது என்று இந்துக்களில் பலர் கருதினர். உற்றார், ஊர், சாதி ஆகிய மூன்றையும் ஒருங்கே இழக்கச் செய்யும் இத்தண்டனை மரண தண்டனைக்கு அடுத்தபடியான அச்சத்தைத் தரும் என்று கம்பெனி அதிகாரிகள் எதிர்பார்த்தனர். புதிய குடியேற்றங்களில் நிலவிய ஆள் பற்றாக்குறை மற்றொரு காரணம் ஆகும்.

திருநெல்வேலிச் சீமையும் 1802 நாடு கடத்தலும்

தமிழகத்திலிருந்து நிகழ்ந்த நாடு கடத்தல்களில் பரவலாக அறியப்பட்டது பாளையக்காரர் போரின் முடிவில் நிகழ்ந்ததாகும். சங்கரன்கோவில், திருவேங்கடம், கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் நிலப்பகுதி அப்போது பல பாளையங்களாகப் பிரிந்திருந்தது. பூலித்தேவரின் நெற்கட்டான்செவல் சங்கரன்கோவிலை அடுத்தும், கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி கிழக்கே ஒட்டப்பிடாரத்தை அடுத்தும் உள்ளன.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பெப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி மீண்டும் போரைத் தொடங்கினார். பாஞ்சாலங்குறிச்சி அவ்வாண்டு மே மாதம் வீழ்ந்தது. போர் சிவகங்கைச் சீமைக்குப் பரவியது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 இல் திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர்.

உயிருடன் பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பெப்ரவரி 11 இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு, அன்று வேல்ஸ் இளவரசர் தீவு என வழங்கிய பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். வேலு நாச்சியாரின் மருமகனும் சிவகங்கை மன்னருமான வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஆகியோர் இவர்களுள் இருந்தனர். திருட்டு, கொலை போன்ற குற்றங்களுக்காக அனுப்பப்பட்டவர்களும் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர்களும் கம்பெனியின் பார்வையில் ஒரே தண்டனைக்கு உரியவர்களாக இருந்தனர்.

பாளையக்காரர் போரில் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்சு என்னும் அதிகாரி, சின்ன மருதுவிடம் தாம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவர் 1818 இல் பினாங்கு சென்றபோது துரைசாமியைச் சந்தித்தார். இளைஞராகத் தாம் அறிந்திருந்தவர் பதினாறு ஆண்டுகளில் தளர்ந்த முதியவரைப் போலத் தோற்றமளித்ததைக் கண்டு வருந்தியதாக வெல்சு குறிப்பிடுகிறார். நாடு கடத்தப்பட்ட தமிழக வீரர் ஒருவரின் பிற்கால நிலையை நேரில் கண்டவர் எழுதிவைத்த அரிய பதிவு இதுவாகும்.

நெற்றியில் பச்சை குத்துதல்

ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பெயர், குற்றம், தண்டனை பெற்ற நாள் ஆகியவற்றைத் தாய்மொழி எழுத்துகளில் பச்சை குத்தும் வழக்கம் வங்காள மாகாணத்தில் 1797 இல் சட்டமாக்கப்பட்டது. பின்னர் சென்னை மாகாணத்திலும் இது பின்பற்றப்பட்டது. பம்பாய் மாகாணத்தில் நடைமுறைக்கு வரவில்லை. தப்பியோடுவோரை எளிதில் அடையாளம் காண்பதே இதன் நோக்கமாகும்.

தண்டனை முடிந்தாலும், மன்னிப்புப் பெற்றாலும் இந்த அடையாளம் நீங்குவதில்லை. கைதிகள் பலர் தலைப்பாகையை நெற்றி மறையும்படி தாழ்த்திக் கட்டிக்கொண்டனர். பச்சை குத்தும் தண்டனை 1849 இல் ஒழிக்கப்பட்டது.

தனியாரிடம் விடப்பட்ட கைதிகள்

பென்கூலனில் கம்பெனியும் ஐரோப்பியக் குடியேறிகளும் மிளகு, சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றைப் பயிரிட்டு வந்தனர். அரசுப் பணிக்குத் தேவைப்படாத கைதிகள் அங்கு தோட்டக்காரர்களிடமும் பிற தனியாரிடமும் வேலைக்கு விடப்பட்டனர். கைதியைப் பெறுபவர் அவருடைய பராமரிப்புக்கும், அரசு கேட்கும்போது அவரை ஒப்படைப்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். பினாங்கிலும் தொடக்க காலத்தில் அலுவலர்கள், குடியேறிகள் ஆகியோரின் வீடுகளில் கைதிகள் பணியாட்களாக இருந்தனர்.

இது ஆஸ்திரேலிய ஒப்படைப்பு முறையைப் போன்று தோன்றினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் கைதிகளின் உழைப்பைப் பெற்ற முதன்மையான தரப்பு தனிக் குடியேறிகளே. நீரிணைப் பகுதியில் கம்பெனியே முதன்மையான எசமானராக நீடித்தது. ஐரோப்பியக் குடியேறிகள் இங்கு எண்ணிக்கையில் குறைவு. தோட்டங்களுக்குச் சீனத் தொழிலாளர்கள் கிடைத்தனர். ஆனால் சதுப்பு நிலங்களைத் தூர்க்கவும், காடு வெட்டிச் சாலை போடவும் கூலிக்கு ஆள் அமர்த்த அரசிடம் போதிய வருவாய் இல்லை. ஆகவே கைதிகளைத் தனியாரிடம் விடுவது காலப்போக்கில் குறைந்து, பொதுப்பணிகளில் ஈடுபடுத்துவதே பொது விதியாயிற்று.

கைதிகளும் தம்மைக் குற்றவாளிகள் என்று கூறிக்கொள்வதை விரும்பாது, கம்பெனியின் வேலையாட்கள் என்றே சொல்லிக்கொண்டனர். இது வெறும் மானம் காக்கும் பேச்சு மட்டுமன்று. வேலையாள் என்றால் ஊதியம், சலுகை, முறையீடு ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கோரும் அடிப்படையாகவும் அச்சொல் அமைந்தது.

ராபிள்சின் சீர்திருத்தம்

1818 இல் பென்கூலனின் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், அங்கு ஏறத்தாழ 500 கைதிகள் இருப்பதையும், நல்லவர் தீயவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே வகையில் நடத்தப்படுவதையும் கண்டார். அவர் கைதிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பினர் நிலத்தில் குடியேறவும் நீதிமன்றத்தில் சாட்சி கூறவும் அனுமதிக்கப்பட்டனர். இரண்டாம் வகுப்பினர் வழக்கமான வேலைகளில் ஈடுபட்டனர். திருந்தாதவர்கள் எனக் கருதப்பட்டோர் மூன்றாம் வகுப்பில் வைக்கப்பட்டுக் கடுமையான வேலைகளைச் செய்தனர்.

1824 ஆம் ஆண்டின் ஆங்கிலேய – ஒல்லாந்த உடன்படிக்கைப்படி பென்கூலன் ஒல்லாந்தருக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கிருந்த கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றப்பட்டனர். பினாங்குக்கு வந்தவர்கள், பென்கூலனில் தாம் பெற்றிருந்த சலுகைகள் புதிய இடத்தில் மறுக்கப்படுவதைக் கண்டு, அவற்றைத் திரும்பத் தருமாறு அரசுக்கு விண்ணப்பித்தனர். தண்டனை பெற்றவர்கள் தம் நிலையை எடுத்துரைத்து வழக்காடிய நிகழ்வு என்ற வகையில் இது ஆய்வாளர்களால் முதன்மையாகக் கருதப்படுகிறது.

சிங்கப்பூரில் கைதிகள்

பென்கூலனிலிருந்து முதற் தொகுதிக் கைதிகள் 1825 ஏப்ரல் 18 இல் சிங்கப்பூருக்கு வந்தனர். இத்தொகுதியில் இருந்த 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்று வந்தவர்கள். பெரும்பாலோர் ஆயுள் தண்டனைக் கைதிகள். ஒரு பெண்ணும் இருந்தார். ஒரு வாரத்துக்குப் பின் வங்காள மாகாணத்தைச் சேர்ந்த 122 பேர் வந்து சேர்ந்தனர். சிங்கப்பூர் நிறுவப்பட்டு அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1833 இல் பொதுப்பணிக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஜி. டி. கோல்மன் என்னும் அயர்லாந்துக் கட்டிடக் கலைஞர், கைதிகளைக் கொண்டு கடலோரத்தைத் தூர்த்தும் சாலைகளை அமைத்தும் நகரை விரிவாக்கினார். பின்னர் பிராசு பாசா சாலைப் பகுதியில் கைதிகளுக்கான பெரிய சிறைக்கூடம் கட்டப்பட்டது. அதனைக் கட்டியவர்களும் கைதிகளே ஆவர்.

ஆறு வகுப்பு முறை

ஆளுநர் பட்டர்வர்த் காலத்தில், 1845 இல், கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர்.

முதல் வகுப்பு: விடுப்புச் சீட்டுப் பெற்றவர்கள். சிறைக்கு வெளியே வாழ்ந்து தாமே தொழில் செய்து பிழைக்கலாம்.

இரண்டாம் வகுப்பு: நம்பிக்கைக்கு உரியவர்கள். சேவகர், ஏவலர், சிறைக் காவலர் முதலிய பணிகளில் அமர்த்தப்பட்டனர்.

மூன்றாம் வகுப்பு: சாலை, கட்டிடம் முதலிய பொதுப்பணிகளில் ஈடுபட்டவர்கள்.

நான்காம் வகுப்பு: புதிதாக வந்தவர்கள். காலில் விலங்குடன் வேலை செய்தனர்.

ஐந்தாம் வகுப்பு: ஒழுங்கு மீறி மேல் வகுப்புகளிலிருந்து இறக்கப்பட்டவர்கள். கனத்த விலங்குகளுடன் கடுமையான வேலை செய்தனர்.

ஆறாம் வகுப்பு: முதியோர், நோயுற்றோர், பெண்கள் முதலியோர்.

கைதிகளுக்குக் காவலர்களாகக் கைதிகளையே அமர்த்தியது இம்முறையின் தனித்தன்மை ஆகும். திண்டல், சமேதார் என்னும் பதவிகளைக் கைதிகளே வகித்தனர். சிறையின் கடைசிக் கண்காணிப்பாளர்களுள் ஒருவரான ஜே. எப். ஏ. மக்நாயர் 1899 இல் வெளியிட்ட நூலுக்குத் தமக்குத் தாமே காவலரான கைதிகள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். காவலர் செலவு குறைந்தது அரசுக்குக் கிடைத்த பயன். விலங்கிலிருந்து விடுபட்டு மேல் வகுப்புக்கு உயரும் வழி இருந்தது கைதிக்குக் கிடைத்த பயன். ஆயினும் சக கைதியைக் கண்காணித்துக் காட்டிக்கொடுப்பதன் மூலமே அந்த உயர்வைப் பெற வேண்டியிருந்தது.

தொழில்களும் கட்டுமானங்களும்

கைதிகளுக்குத் தச்சு, கொல்லு, கல்லுடைத்தல், நெசவு, செங்கல் அறுத்தல், அச்சிடுதல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. அவர்கள் அறுத்த செங்கற்கள் 1867 ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் பெற்றன. தீயணைப்பு, நகரத் தூய்மை ஆகிய பணிகளிலும் ஈடுபட்டனர். சிங்கப்பூர்க் காடுகளில் புலிகளின் தொல்லை மிகுந்திருந்த காலத்தில் கைதிகளைக் கொண்ட வேட்டைக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

இவர்கள் கட்டியவற்றுள் புனித அந்திரேயா தேவாலயம் குறிப்பிடத்தக்கது. இதன் அடிக்கல் 1856 மார்ச்சு 4 இல் நாட்டப்பட்டு, 1862 சனவரியில் திருநிலைப்படுத்தப்பட்டது. இதன் உட்சுவர்களுக்குச் சென்னைச் சுண்ணாம்பு என்னும் பூச்சு பயன்படுத்தப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த நீரில் குழைத்துப் பூசுவர். பூச்சு உலர்ந்தபின் வழவழப்பான கற்களால் தேய்த்து மெருகேற்றுவர். தமிழகத்துக் கொத்தர்களின் கைத்திறன் கைதிகள் வழியாகக் கடல் கடந்து சென்றதற்கு இச்சுவர்கள் சான்றாக உள்ளன. பின்னாளில் இசுத்தானா எனப் பெயர்பெற்ற ஆளுநர் மாளிகையும் 1867 – 1869 காலப்பகுதியில் மக்நாயரின் மேற்பார்வையில் கைதிகளின் உழைப்பைக் கொண்டு கட்டப்பட்டது.

வாழ்க்கை நிலை

விலங்கிட்ட கைதிகளை மலாய் மக்கள் ஓராங் ரந்தை, அதாவது சங்கிலி மனிதர், என்று அழைத்தனர். பல மொழி பேசுவோரும் பல சாதி, சமயத்தவரும் ஒரே கொட்டடியில் வாழ நேர்ந்தது. முகரம், தசரா போன்ற விழாக்களைக் கொண்டாடச் சில காலங்களில் அனுமதி வழங்கப்பட்டது. அண்டை மலாய் நாடுகளுக்குத் தப்பியோட முயன்றவர்களும் உண்டு.

கைதிகளில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. நன்னடத்தை உடைய ஆண் கைதிகள் பெண் கைதிகளை மணந்துகொள்ள அனுமதிக்கப்பட்டனர். வேறு சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பம் அமைத்தனர். விடுப்புச் சீட்டுப் பெற்றவர்கள் மாடு வளர்த்தல், வண்டியோட்டுதல், சிறு வணிகம், கட்டிட வேலை போன்றவற்றால் பிழைத்தனர். தண்டனைக் காலம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். ஊரில் நிலமும் சாதியில் இடமும் இழந்த நிலையில், திரும்புவதைக் காட்டிலும் தங்குவது எளிதாக இருந்தது.

முறையின் முடிவு

தொடக்கத்தில் கைதிகளின் உழைப்பை வரவேற்ற சிங்கப்பூர் வணிகர்கள், நகரம் வளர்ந்தபின் அவர்களை அச்சத்துடன் நோக்கினர். 1857 இந்தியக் கிளர்ச்சியின்போது இவ்வச்சம் மிகுந்தது. கிளர்ச்சியாளர்களைத் தம்மிடம் அனுப்பக் கூடாதென ஐரோப்பியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கிளர்ச்சியில் பிடிபட்டவர்களுக்காக 1858 மார்ச்சில் அந்தமானில் போர்ட் பிளேர் குடியேற்றம் அமைக்கப்பட்டது. அதன்பின் தீவாந்தரம் என்னும் சொல் மக்கள் வழக்கில் அந்தமானையே குறிக்கலாயிற்று.

நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 இல் இந்திய அரசிடமிருந்து பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சின் நேரடி ஆட்சிக்கு மாறின. 1873 இல் சிங்கப்பூர்க் கைதிகள் நிலையம் கலைக்கப்பட்டு, எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். மன்னிப்புப் பெற்றவர்கள் அங்கேயே தங்கி நகர மக்களுடன் கலந்தனர்.

இதற்குப் பின்னரும் நாடு கடத்தல் சட்டப் புத்தகத்தில் நீடித்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் 1908 சூலையில் விதித்ததும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனையே ஆகும். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. அவர் கடல் கடத்தப்படாமல் கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்து 1912 இல் விடுதலையானார். விடுதலை பெற்ற இந்தியாவில் 1955 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தீவாந்தர தண்டனைக்குப் பதிலாக ஆயுள் சிறைத் தண்டனையை ஏற்படுத்தியது.

வரலாற்றில் இடம்

தென்கிழக்காசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் வணிகர்களையும், சஞ்சிக்கூலிகள் எனப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களையும் கொண்டே எழுதப்படுகிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் வருவதற்கு முன்னரே தமிழகக் கைதிகள் அங்குச் சாலை அமைத்தும் சதுப்பைத் தூர்த்தும் இருந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கடிதமோ நினைவுக் குறிப்போ விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றி அறியக் கிடைப்பவை கம்பெனியின் பதிவேடுகள், அதிகாரிகளின் நூல்கள், சில விண்ணப்பங்கள் ஆகியவையே. பெயர் தெரிந்த துரைசாமியைப் பற்றிய செய்தியும் அவரை வென்ற படையின் அதிகாரி எழுதியதால்தான் நமக்குக் கிடைத்துள்ளது. எழுத்தில் பதிவாகாத ஏனையோருக்கு, அவர்கள் பூசி மெருகேற்றிய சுவர்களும் அமைத்த சாலைகளுமே நினைவுச் சின்னங்களாக உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

பாளையக்காரர் போர்
நீரிணைக் குடியேற்றங்கள்
மருது பாண்டியர்
சிற்றறைச் சிறை, போர்ட் பிளேர்
மலேசியத் தமிழர்
சிங்கப்பூர்த் தமிழர்